இடுப்பளவில் சாம்பல் நிறம்

காலை ஆறு ஐம்பது. ஜீப் மணல் மேட்டின் அடியில் நின்றபோது நான் முதலில் கண்டது இரண்டு மண்வெட்டிகளை. முந்தைய வாரம் நாங்கள் அடித்துவிட்டுப் போன முளைக்குப் பக்கத்தில் அவை மணலில் குத்தி நிறுத்தப்பட்டிருந்தன. எங்களுடைய மண்வெட்டிகள் வண்டியின் பின்பக்கத்தில் கிடந்தன. இவை வேறு ஆட்களுடையவை. அவற்றுக்குப் பின்னால் தொப்பி அணிந்த ஆண்கள் ஒரு பத்துப் பேர் நின்றார்கள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த சக உத்தியோகத்தர் நஸ்ரினும் அதைக் கண்டார்.

"சேர், இவங்க இங்கயே அடக்கப் போறாங்க" என்றார்.

மண் ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். குழி எவ்வளவு ஆழம் வெட்டுவது, படைகளை எப்படிப் பிரிப்பது, வரைபடத்தில் கோடு எப்படி இழுப்பது என்பதெல்லாம் பயிற்சியில் வரும். அவற்றை நான் தொடப்போவதில்லை. ஒரு குழியின் நிறத்தைச் சொல்வதற்கு ஒருவர் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடிகாரத்தில் பார்த்தால் அது மிகக் குறைந்த நேரம்.

இடம் மூதூருக்குத் தெற்கே. வயல்களுக்கு இந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் ஊர், அந்தப் பக்கம் ஒரு தமிழ்ச் சிற்றூர். இரண்டின் பெயரையும் எழுதவில்லை. அன்று அங்கே நின்றவர்களில் பலர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நீண்ட மணல் மேடு கிடக்கிறது. வயல் மட்டத்திலிருந்து ஓர் ஆள் உயரம்கூட வராது. ஆனால் அந்த வட்டாரத்தில் மேடு என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

நாங்கள் அந்தப் பிரதேசம் முழுவதற்கும் மண் வரைபடம் செய்துகொண்டிருந்தோம். எந்த நிலம் நெல்லுக்கு, எந்த நிலம் மேட்டுப் பயிருக்கு, எங்கே உவர் ஏறுகிறது என்பதுதான் வேலை. மணல் மேடு எங்களுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி. பிரதேச செயலகம் அந்தப் புள்ளிக்கு மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி கேட்டிருந்தது: இந்த நிலம் மையவாடிக்குப் பொருத்தமா?

முஸ்லிம் ஊரின் பழைய மையவாடி, அதாவது அடக்கத்தலம், ஆற்றங்கரையில் இருந்தது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆறு கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஒரு மாரியில், எந்தப் பிள்ளையும் காணக்கூடாததை ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கரையில் கண்டார்கள். அதற்குப் பிறகு அங்கே எவரையும் அடக்கவில்லை. மௌத்தானவர்களை லொறியில் ஏற்றி மூதூருக்குக் கொண்டுபோனார்கள். தமிழ்ச் சிற்றூரின் கிணறுகள் மணல் மேட்டின் அடிவாரத்தில் இருந்தன. மையவாடி மேட்டில் வந்தால் அதன் நீர் தங்கள் கிணற்றுக்கு இறங்கும் என்று அவர்கள் எதிர்ப்பு எழுதியிருந்தார்கள். இரண்டு தரப்பும் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அந்தப் புள்ளியின் சிக்கல்.

மேட்டைக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் அந்த ஊர்ப் பள்ளிவாசலின் தலைவர். எல்லாரும் ஹாஜியார் என்பார்கள். நாங்கள் முளை அடிக்கப் போன அன்று பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்தவர் அவர்தான். மண் நல்லதா என்று என்னிடம் கேட்டார். திறந்து பார்க்காமல் சொல்ல ஏலாது என்றேன். "திறந்து பாருங்க தம்பி, நான் ஒண்டும் அவசரப்படேல்ல" என்று சிரித்தார். தன்னை அந்த மேட்டில்தான் அடக்க வேண்டும் என்று அவர் வீட்டில் சொல்லிவைத்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அவர் நஸ்ரினின் தாய்மாமன். இதை நான் மறைக்கவில்லை. வேலை தொடங்க முன்பே இரண்டு ஊராருக்கும் சொல்லியிருந்தேன். எங்களிடம் இருந்தவர்கள் இரண்டே உத்தியோகத்தர்கள். வேறு ஆளைப் போட வழியில்லை.

அன்று காலை கிண்ணியாப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது நஸ்ரினுடைய தொலைபேசி அடித்தது. கேட்டார். மெல்ல ஏதோ ஓதினார். தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு, மாமா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிவிட்டார் என்றார். உடல் இருக்கும் மையத்து வீட்டில் உங்களை இறக்கிவிடட்டுமா என்று கேட்டேன். குழியை முடித்துவிட்டுப் போகலாம், ளுஹர்த் தொழுகை வரைக்கும் எடுக்க மாட்டார்கள் என்றார். மூதூரில் அடக்குவார்கள் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். அந்த இரண்டு மண்வெட்டிகளைக் காணும்வரை.

ஹாஜியாரின் மூத்த மகன் றபீக் எங்களிடம் வந்தார். லொறி வைத்து வியாபாரம் செய்பவர். கண் சிவந்திருந்தது; குரல் நிதானமாக இருந்தது. பிரதேச செயலகத்து அதிகாரியுடன் விடியவே கதைத்துவிட்டதாகச் சொன்னார். கோப்பில் எல்லாம் முடிந்துவிட்டது, மண் அறிக்கை மட்டும்தான் பாக்கி. மண் உத்தியோகத்தர் வாயால் சரி என்று சொன்னால் இன்றைக்குத் தற்காலிக அனுமதி தருவதாக அதிகாரி ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் அதிகாரியை அழைத்துக் கேட்டேன். றபீக் சொன்னது உண்மை. பத்தரைக்குள் பதில் வேண்டும் என்றார் அதிகாரி.

வழக்கமாக ஒரு குழியைப் பற்றிய முடிவு எங்கள் கையை விட்டுப் போக வாரக்கணக்காகும். மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போகும், திரும்பி வரும், ஒருவர் எழுதுவார், இன்னொருவர் திருத்துவார். அந்த வாரங்கள் முழுவதும் அன்று ஒரு காலைக்குள் சுருங்கிவிட்டன. ஆய்வுகூடம் இல்லாமல் எதுவும் சொல்ல ஏலாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறியிருக்கலாம். விதிப்படி அது சரி. ஒருவரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. ஏறவிடாமல் தடுத்தது துணிவு என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் குழிக்கு ஆய்வுகூடம் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதுதான் கேள்வி. அதைக் குழிச்சுவரின் நிறமே சொல்லிவிடும்.

இதை மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆண்டுதோறும் சில மாதங்கள் தண்ணீர் நிற்கும் மண் தன் செம்மையை இழந்து சாம்பலாகிவிடும். காற்றுப் புகும் இடுக்குகளில் மட்டும் துருப் புள்ளிகள் தங்கும். கோடையில் அந்த மண் எவ்வளவு காய்ந்தாலும் சாம்பலும் புள்ளியும் போகா. அதனால் ஒரு துளி ஈரம் இல்லாத குழியிலும், மார்கழியில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கையை வைத்துக் காட்டலாம். அப்போது ஐப்பசி தொடங்கியிருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. மேடு எலும்பாகக் காய்ந்து கிடந்தது.

"நஸ்ரின், இந்தக் குழிக்குள்ள நான் இறங்கிறன். நீங்கள் மேல நிண்டு எழுதுங்கோ" என்றேன்.

"நீங்க இறங்கினா, நான் இறங்கப் பயந்தனான் எண்டு மாமாட ஆக்கள் நினைப்பாங்கள். நான் இறங்கினா, மாமாவுக்காக இறங்கினனான் எண்டு இவங்கள் நினைப்பாங்கள்" என்று சிற்றூர்ப் பக்கம் பார்த்தார். "இண்டைக்கு என்ர முறை சேர். அதால இறங்கிறன்."

உண்மையில் அது அவருடைய முறைதான். முந்தைய குழியில் நான் இறங்கியிருந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. குழிக்குள் இருப்பவர் நிறத்தைச் சொல்வார். மேலே நிற்பவர் எழுதுவார். மேலே நிற்பவர் குனிந்து பார்க்கக்கூடாது. நான் சேர்ந்த புதிதில் எங்களுக்கு மேலே இருந்த ஒரு பெரியவர் இதில் பிடிவாதமாக இருந்தார். குனிந்து பார்த்தால் கீழே இருப்பவர் மண்ணைப் பார்க்க மாட்டார், உன் முகத்தைப் பார்ப்பார் என்பார். எழுதும்போது குழிக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வார். வேடிக்கையாக இருக்கும். பல வருடங்கள் அதைச் சும்மா ஒரு கெடுபிடி என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் தொழிலாளிகள் இருவரும் வெட்டத் தொடங்கினார்கள். அதற்குள் சிற்றூரிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் தங்கராசா. மேட்டின் அடியில் கச்சான் கடலை போடுபவர். முதல் கிணறு அவருடையது. குழியின் ஒரு பக்கம் இவர்கள், மறு பக்கம் அவர்கள். நான் எழுதும் பலகையோடு தலைமாட்டில் நின்றேன்.

நஸ்ரின் சல்வாரின் கால்களைச் சுருட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். கபுறு தோண்டும் இடத்தில் பெண் நிற்பது அவர்கள் ஊரில் வழக்கமில்லை. தொப்பிக்காரர்களில் வயதான ஒருவர் அதை மெல்லச் சொன்னார். றபீக் அவரைப் பார்த்து, இது இன்னும் கபுறு ஆகவில்லை, அரசாங்கக் குழி என்றார். ஒருவரிருவர் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தங்கராசா சிரிக்கவில்லை.

"உங்கட ஆளின்ர குழிக்கு உங்கட ஆளே நிறம் சொல்லுறா. நல்ல விசாரணைதான்" என்றார்.

"எழுதிறது உங்கட ஆள்தானே அண்ணன்" என்றார் றபீக். "சரிக்குச் சரி."

அதுவரை நான் என்னை எந்தப் பக்கத்திலும் வைத்துப் பார்த்திருக்கவில்லை. அந்த ஒரு பேச்சில் இருவரும் சேர்ந்து என்னை ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

மேல்படை மங்கிய பழுப்பு. நஸ்ரின் சொன்னார், நான் எழுதினேன். அடுத்த படை மஞ்சள் கலந்த பழுப்பு, புள்ளி இல்லை. அதையும் எழுதினேன். முழங்காலுக்கு மேலே வரை பழுப்புத்தான். ஒவ்வொரு முறை பழுப்பு என்ற சொல் கேட்டபோதும் தொப்பிக்காரர்கள் பக்கம் கொஞ்சம் அசைந்தது. அவர்களுக்கு எங்கள் நிறக் கணக்குத் தெரியாது. என் பேனா தயங்காமல் ஓடுவதை வைத்து நல்லது என்று விளங்கிக்கொண்டார்கள். ஒருவர் தள்ளிப்போய்த் தொலைபேசியில், மையத்தைக் குளிப்பாட்டிவிட்டுக் கபன் துணி சுற்றச் சொன்னார். இங்கேதான் போலிருக்கிறது என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. நஸ்ரினுக்கும் கேட்டிருக்கும்.

குழி இடுப்பளவுக்கு வந்தது. வெட்டியவர்கள் மேலே ஏறிக்கொண்டார்கள். நஸ்ரின் சுவரிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்துப் போத்தல் தண்ணீரால் நனைத்தார். நிறச் சதுரங்கள் ஒட்டிய அட்டைப் புத்தகத்தைத் திறந்தார். அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தப் புத்தகத்தை நீங்கள் இப்போது தினமும் பிடிக்கிறீர்கள். பழுப்புச் சதுரத்துக்கும் சாம்பல் சதுரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்கள். நல்ல வெளிச்சத்தில் இரண்டு தேர்ந்த கண்கள் அந்த ஒரு சதுரத்தில் வேறுபடலாம்; அதைப் பிழை என்று எந்த மேலதிகாரியும் எழுத மாட்டார். நஸ்ரின் ஒரு சதுரம் தள்ளிச் சொன்னால், அவருடைய மாமா தான் கேட்ட மண்ணில், தன் ஊரில் கிடப்பார். எவராலும் பிடிக்க முடியாது. நாம் பின்னர் மழையைக் குற்றம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த மௌனத்தில் நான் எண்ணியவை சில. திரும்பிப் பார்க்கலாம். "ஏறி வாருங்கோ, நான் பார்க்கிறன்" என்று சொல்லலாம். அது இரக்கம் போலத் தோன்றும். ஆனால் சுற்றி நின்ற ஒவ்வொருவருக்கும் அது, இந்தப் பெண்ணை நான் நம்பவில்லை என்ற அறிவிப்பாகத்தான் போகும். சாம்பல் என்று நான் சொன்னால், அதைத் தமிழன் சொன்ன சாம்பல் என்பார்கள். பழுப்பு என்று சொன்னால், பயந்துபோய்ச் சொன்னேன் என்று சிற்றூர் சொல்லும். இவ்வளவையும் நான் நிதானமாக யோசித்தது போல இங்கே எழுதுகிறேன். அன்று நான் உணர்ந்தது என் கழுத்துப் பிடரியை மட்டும்தான். அது திரும்பச் சொல்லி இழுத்தது.

எனக்குள் இருந்த பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நஸ்ரின் பழுப்பு என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொன்னால் நான் அதை எழுத வேண்டும்.

"சாம்பல்."

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்றே சொன்ன குரல்.

"துருப் புள்ளி. நிறைய. எழுதிட்டீங்களா சேர்?"

எழுதிவிட்டேன் என்றேன். அப்போதுதான் திரும்பினேன். நஸ்ரின் குனிந்து, ஒரு கையைச் சுவரின் அடிப்பக்கத்தில், மேலிருந்து இடுப்பளவு ஆழத்தில் வைத்துக்கொண்டு நின்றார். றபீக்கைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மாரியில தண்ணி இவடம் வரைக்கும் வரும் மச்சான். கபுறுக்குள்ள நிக்கும்."

றபீக்குக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு குழிக்குள் குதித்தார். நஸ்ரின் கை வைத்த இடத்திலேயே தானும் கைவைத்து மண்ணைப் பிடுங்கி எடுத்தார். விரலை விரித்தபோது அது தூளாக உதிர்ந்தது.

"இதில எங்க தண்ணி? காட்டு. எல்லாரும் பாருங்க, இது மாவு. மாவு."

"இப்ப இல்ல."

"பின்ன எந்த வருசத்துத் தண்ணி இது?"

"கன வருசத்துத் தண்ணி. இந்த வருசம் வருமோ எண்டு கேட்டா எனக்குத் தெரியாது. வாறதுதான் வழக்கம்."

"தெரியாதாம்" என்றார் றபீக், மேலே நின்றவர்களைப் பார்த்து. "தெரியாமத்தான் சொல்லுறா." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சேர். இது உங்கட ஆக்கள்ற சாம்பலா, மண்ணுட சாம்பலா?"

மண்ணின் சாம்பல் என்றேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் விளக்கமாகியிருக்கும், விளக்கம் அந்த நேரத்தில் சாட்டுப் போலத்தான் கேட்கும்.

"அப்ப முடிஞ்சுது" என்றார் தங்கராசா. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"முடியேல்ல அண்ணன்" என்றார் நஸ்ரின். "உங்கட கக்கூசுக் குழி எந்தப் பக்கம்?"

தங்கராசா நின்றார்.

"கிணத்துக்கு மேல்பக்கமோ, கீழ்பக்கமோ?"

"மேல்பக்கம்" என்றார் அவர்.

"அதுவும் இதே மேடுதான். மாரியில அதுக்குள்ளயும் தண்ணி இந்த மட்டத்துக்கு நிக்கும். இண்டைக்கு இந்தக் குழிக்குச் சொன்னதைத்தான் அதுக்கும் சொல்லுறன்."

தொப்பிக்காரர் பக்கத்தில் எவரும் சிரிக்கவில்லை. சிற்றூர் ஆட்களில் ஒரு பெண் தங்கராசாவைப் பார்த்து, நான் எத்தனை தரம் சொன்னனான் என்று கேட்டார். அவர் மனைவியாக இருக்க வேண்டும்.

மணி எட்டரை தாண்டியிருந்தது. மேடு நீளமானது, வேறு இடம் பாருங்கள் என்று றபீக் கேட்டார். கேட்டது நியாயம். மண்ணைத் துளைத்து எடுக்கும் இரும்புத் தண்டை எடுத்தோம். நாங்கள் ஓகர் என்போம். குழியிலிருந்து தள்ளித் தள்ளி மேட்டின் முதுகு நெடுகத் துளைத்துக்கொண்டு போனோம். எல்லாரும் எங்கள் பின்னால் வந்தார்கள். இரண்டு ஊரும்.

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய இன்னொன்று இங்கேதான் நடந்தது. எங்கள் தொழிலாளிகள் பல வருடம் எங்களோடு வேலை செய்தவர்கள். ஓகர் மேலே வரும்போது அதன் நுனியில் உள்ள மண்ணை அப்படியே நீட்ட வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்றாவது துளையிலிருந்து அவர்கள் நீட்டிய கட்டிகள் பழுப்பாக இருந்தன. இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர்கள் நீட்டிய கட்டியை நஸ்ரின் வாங்கவில்லை. ஓகரைப் பார்த்தார். அதன் நுனியில் சாம்பல் மண் அப்பியிருந்தது. பக்கவாட்டில் மேலிருந்து உதிர்ந்து ஒட்டிய பழுப்புத் துணுக்குகளைத்தான் அவர்கள் பொறுக்கி நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்யவில்லை. சுட்டிக்காட்டியபோது, தாங்கள் செய்ததைத் தாங்களே அப்போதுதான் கண்டவர்கள் போல நின்றார்கள். காலையிலிருந்து ஒரு மையத்துக்கு இடம் தேடுகிறவர்களோடு நடந்த கைகள், அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டன.

நீங்கள் பொய் சொல்வீர்கள் என்று நான் பயப்படவில்லை. கை இப்படித் தானாகப் பொறுக்கும். பயம் அதற்குத்தான்.

மேட்டின் கடைசியில், உயரமான இடத்தில், ஒரு துளை இரண்டுங்கெட்டானாக வந்தது. நஸ்ரின் அட்டையை வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். றபீக் அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இது பரவாயில்லைத்தானே என்று மெல்லக் கேட்டார். அந்த நேரம் அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது, அது கோபத்தைவிடக் கடினமாக இருந்தது.

நஸ்ரின் கட்டியை என்னிடம் தந்தார். அன்று அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. எனக்கு எந்தச் சதுரத்தையும் சொல்லவில்லை. என் நிழலில் வைத்துப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன். கட்டியை உடைத்து உள்ளே பார்த்தேன். உள்ளே புள்ளிகள் இருந்தன. அதே தண்ணீர்தான்.

அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்பே அவரே அழைத்தார். ஓமா, இல்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். இந்தப் பதிலை உங்கள் பெயரில் போட்டுக்கொள்ளலாமா என்றார். போட்டுக்கொள்ளுங்கள், குழி விவரித்தவர் பெயரையும் போடுங்கள் என்றேன். நஸ்ரின் தலையாட்டியதைப் பார்த்த பிறகுதான் அதைச் சொன்னேன்.

எங்கள் ஆட்கள் குழியை மூடப் போனபோது றபீக் தடுத்தார்.

"மூட வேணாம். மார்கழியில வந்து பாப்பம். தண்ணி நிண்டா நான் ஒன்ர காலடியில வந்து மன்னிப்புக் கேக்கிறன். நிக்காட்டி நீ என்ர வாசலுக்கு வராத."

"மச்சான், ஒரு வருசத்தை வச்சு..."

"வராத."

மாடு விழாமல் இருக்கக் குழியைச் சுற்றி முட்கிளை போட்டோம். தொப்பிக்காரர்களில் இருவர் அந்த இரண்டு மண்வெட்டிகளையும் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள்.

மையத்து வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் லொறி நின்றது. மையத்தை வைத்த சந்தூக்கை ஏற்ற ஆட்கள் கூடியிருந்தார்கள். நான் ஜீப்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். செய்தி எங்களுக்கு முன்பே வந்துவிட்டது; கூட்டம் நஸ்ரினுக்கு வழிவிட்ட விதத்தில் அது தெரிந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. பின்வாசலில் ஹாஜியாரின் மனைவி நின்றார்.

"நீயா புள்ள சொன்னது?"

"ஓம் மாமி."

அவர் மேலும் ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் நஸ்ரினுடைய கைகளைப் பார்த்தார். முழங்கை வரை மண் காய்ந்து ஒட்டியிருந்தது. வாளியிலிருந்து தண்ணீர் அள்ளி அந்தக் கைகளில் ஊற்றினார். இரண்டாவது தரமும் ஊற்றினார். கழுவி முடிந்ததும் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நஸ்ரின் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வர அதிக நேரம் எடுக்கவில்லை. லொறி மூதூருக்குப் புறப்பட்டது. எங்களுக்கும் அதே வழிதான். இடைவெளி விட்டுப் பின்னால் போனோம்.

அதன் பிறகு மேட்டைப் பற்றிய அறிக்கையை நஸ்ரின்தான் எழுதினார். நான் ஒரு சொல்லும் திருத்தவில்லை. மையவாடிக்கு வேறு நிலம் தேடும்படி அதில் இருந்தது. அடிவாரத்துக் கழிப்பறைக் குழிகளைக் கிணறுகளிலிருந்து தள்ளி மாற்றும்படியும் இருந்தது. தங்கராசா தன்னுடையதை மாற்றினார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கார்த்திகையில் நான் இரண்டு தரம் அந்தப் பக்கம் போனேன். மார்கழியில் வாரந்தோறும் போனேன். வேறு வேலை இருக்கிறது என்று அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு போனேன். நஸ்ரின் வரவில்லை, குழியைப் பற்றிக் கேட்கவுமில்லை. நான் திரும்பி வரும்போது என் சப்பாத்தை மட்டும் பார்ப்பார்.

அந்த வருடம் மாரி பெய்யவில்லை. தை முடியும்வரை குழி காய்ந்தே கிடந்தது.